பதினோரு தபால்பெட்டிகள்

மாநிலச் சட்டமன்றத்தில் அவை எழுத்தர் மசோதாக்களின் தலைப்புகளை வாசித்த வேகத்தில் ஒரு சொல்லைக்கூடப் பிடிக்க முடியவில்லை. மாட்டுச் சந்தையில் ஏலம் விடுகிறவர்போல மூச்சு விடாமல் போய்க்கொண்டிருந்தார். கீழே உறுப்பினர்கள் யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. முன்வரிசையில் ஒருவர் மேசை இழுப்பறைக்குள் வைத்திருந்த அவித்த கடலையை உரித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் இரண்டு பேர் கைப்பேசியில் ஏதோ மீன் படத்தைப் பார்த்து ஒருவர் தோளை ஒருவர் இடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கூட்டத்தொடரின் முப்பத்தெட்டாம் நாள். சட்டப்படி இன்னும் இரண்டே நாள்தான் பாக்கி.

பார்வையாளர் மாடத்தின் முதல் வரிசையில் வெர்னெல் மோப்லி கம்பியைப் பிடித்தபடி முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தொள்ளாயிரத்துப் பதின்மூன்று என்ற எண் மட்டும் காதில் விழுந்தால் போதும் என்றிருந்தது. பக்கத்தில் ஓட்டிஸ் லெகெட். எழுபத்திரண்டு வயது. தேவாலயத்துக்குப் போடும் சாம்பல் நிறக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

"நம்மளது வந்துச்சா?" என்றார்.

"இன்னும் இல்ல, மிஸ்டர் லெகெட்."

"இந்தாளு போற வேகத்தப் பாத்தா நம்ம ஊரை எப்பவோ வித்து முடிச்சிருப்பான். யாரு எடுத்தான்னு கேளு."

அவள் சிரித்தாள். அப்போது எண் வந்தது. "சாண்டி ஃபோர்க் ஊருக்குச் சாசனம் வழங்கவும், எல்லைகளை வரையறுக்கவும், மற்றும் பிற நோக்கங்களுக்காகவும்" என்பதில் பாதியை விழுங்கிவிட்டு எழுத்தர் அடுத்த மசோதாவுக்குத் தாவினார்.

உள்ளூர் மசோதாக்களுக்கென்று தனிப் பட்டியல் உண்டு. ஒரு கவுண்டியில், அதாவது மாவட்டத்தில், பிரேத விசாரணை அதிகாரிக்குச் சம்பள உயர்வு, இன்னொரு கவுண்டியில் பள்ளிக்குழுவுக்கு ஓர் இடம் கூடுதல். அந்தந்த ஊரைத் தவிர வேறு எவருக்கும் பொருட்டில்லாத சட்டங்கள். அந்தக் கவுண்டியின் உறுப்பினர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டால் மற்றவர்கள் கேள்வி கேட்பதில்லை. உன் வீட்டு விஷயத்தில் நான் மூக்கை நுழைக்கமாட்டேன், என் வீட்டுக்குள் நீ எட்டிப் பார்க்காதே. எந்த விதிப்புத்தகத்திலும் இல்லாத இந்த ஏற்பாட்டை மீறினவர்கள் அடுத்த தேர்தலுக்குள் காணாமல் போயிருக்கிறார்கள். அன்றைய பட்டியலில் இருபத்திரண்டு மசோதாக்கள். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே வாக்கெடுப்பு.

சபாநாயகர் தலையை நிமிர்த்தாமல் ஏதோ சொன்னார். சுவரிலிருந்த பலகையில் பச்சை விளக்குகள் எரிந்தன. கடலைக்காரர் ஒரு கையால் உரித்தபடியே மறுகையால் பொத்தானை அழுத்தினார். நூற்று அறுபத்து மூன்று பேர் ஆதரவு. எதிர்ப்பு எவருமில்லை.

வெர்னெல் எழுந்து நின்று கை தட்டினாள். மாடத்தில் கை தட்டக்கூடாது. காவலர் விரலை உதட்டில் வைத்துக் காட்டினார். லெகெட்டும் எழுந்து, சத்தம் வராதபடி, இரண்டு தட்டுத் தட்டினார்.

மூன்று வருட உழைப்பு. சாண்டி ஃபோர்க் வரைபடத்தில் ஒரு பெயர், அவ்வளவுதான். சட்டத்தின் கண்ணில் அது ஊரே இல்லை. இருநூற்றுப் பதினான்கு வீடுகள், இரண்டு தேவாலயங்கள், ஒரு பெட்ரோல் பங்க், எல்லா வீட்டிலும் கிணற்றுத் தண்ணீர். ஃபெரி ரோட்டின் முடிவில் கைவிடப்பட்ட சரளைக்கல் குழியில் நாலு மாநிலத்துக் குப்பையைக் கொண்டுவந்து கொட்ட ஒரு கம்பெனி வந்தபோதுதான், ஊர் இல்லாதது எவ்வளவு பெரிய குறை என்று தெரிந்தது. கவுண்டி ஆணையர்கள் கம்பெனிக்குத் தலையாட்டிவிட்டார்கள். சாண்டி ஃபோர்க்குக்குச் சாசனம் கிடைத்து, அந்தக் குழி ஊர் எல்லைக்குள் வந்துவிட்டால், ஊரே வேண்டாம் என்று சொல்லிவிடலாம். குழி எல்லைக்கு வெளியே நின்றால் யாரும் எதுவும் சொல்ல முடியாது.

எல்லையை எழுதியது வெர்னெல்தான். இருபத்தேழு வருடம் அந்தப் பகுதியில் தபால் கொடுத்து ஓய்வு பெற்றவள். நில அளவையாளரைத் தன் காரில் உட்காரவைத்து, எந்த வேலியில் திரும்ப வேண்டும், எந்தப் பாலத்தடியில் ஓடை குறுக்கிடுகிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லி எழுதவைத்தாள். அதைத் தொகுதி உறுப்பினர் ராஸ்கோ கேட்ஸ்டனிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். கேட்ஸ்டன் இறுதிச்சடங்கு நிலையம் நடத்துகிறவர், அவள் தேவாலயத்தின் டீக்கன், அவள் கணவனை அடக்கம் செய்தவர். மூன்று தேர்தலில் அவருக்காக அவள் வீடு வீடாகப் போயிருக்கிறாள்.

"வாங்க, கீழ போயி ஒரு பிரதி வாங்கிக்கலாம். கண்ணாடிச் சட்டம் போட்டுத் தேவாலயத்துல மாட்டணும்" என்றாள்.

தரைத்தளத்தில் மசோதாப் பிரதி கொடுக்கும் ஜன்னலில் ஒரு பெண் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எண்ணைச் சொன்னதும் கணினியில் தட்டினாள்.

"எது வேணும் கண்ணு? முதல்ல குடுத்ததா, மாற்று வரைவா?"

"மாற்று வரைவா? அப்படி ஒண்ணு இல்லியே."

"இருக்கே. செவ்வாய்க்கிழமை குழுவுல மாத்தியிருக்காங்க. இன்னிக்கு நிறைவேறினது அதுதான்." அச்சு இயந்திரம் ஓடியது. "சூடா இருக்கு, பாத்துப் பிடி."

உள்ளூர் மசோதாவை அந்த ஊர்க்காரர்களைத் தவிர வேறு யாரும் படிப்பதில்லை. இந்த முறை ஊர்க்காரியும் படிக்கவில்லை. தான் எழுதியதுதானே என்று இருந்துவிட்டாள்.

பளிங்குப் படிக்கட்டின் ஓரம் உட்கார்ந்து இரண்டாம் பக்கத்தைப் புரட்டினாள். "அங்கிருந்து ஃபெரி ரோட்டின் நடுக்கோடு வழியாக ஆறு வரை" என்று அவள் எழுதிய வரி இல்லை. அதற்குப் பதிலாக, "அங்கிருந்து மவுண்ட் நீபோ தேவாலய நிலத்தின் வடகிழக்கு மூலையில் திரும்பி, ஓடையின் மேற்குக் கரையோடு" என்றிருந்தது.

கண்ணை மூடிக்கொண்டாள். மனதுக்குள் தபால் ஜீப்பை ஓட்டினாள். தேவாலயம் தாண்டி இடதுபக்கம் நானூற்றுப் பன்னிரண்டாம் எண் வீடு, வாசலில் சாய்ந்த தபால்பெட்டி. நானூற்றுப் பதினாறு, மூடி துருப்பிடித்தது. பிறகு ஹட்சன் சகோதரிகள். பிறகு லெகெட்டும் அவர் மனைவி கொரீனும், பெட்டிமேல் நீல வண்ணத்தில் பறவை. எண்ணிக்கொண்டே போனாள். பதினோரு பெட்டி. அதற்கப்பால் குழி. எல்லாமே கோட்டுக்கு வெளியே.

ஆறாம் பக்கத்தில் இன்னொரு புதிய வரி இருந்தது. முதல் தேர்தல் நடக்கும்வரை இடைக்கால மேயராக வெர்னெல் மோப்லி பொறுப்பு வகிப்பார்.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கே?" என்றார் லெகெட்.

"ஒண்ணுமில்ல. காலைல சாப்பிடல. நீங்க உணவகத்துல போயி ஒரு காபி குடிங்க. நான் டீக்கனப் பாத்துட்டு வந்துடறேன்."

"நான் வேணா கூட வரவா?"

"வேண்டாம் மிஸ்டர் லெகெட்."

அவர் ஒரு கணம் அவளையும் அவள் கையிலிருந்த தாளையும் பார்த்துவிட்டுப் போனார்.

அவைக் கதவுக்கு வெளியே சிவப்புக் கயிறு கட்டியிருப்பார்கள். உறுப்பினரைப் பார்க்க வேண்டியவர்கள் பெயரைச் சீட்டில் எழுதி வாயில் காவலரிடம் கொடுத்துவிட்டுக் கயிற்றுக்கு இந்தப்புறம் நிற்க வேண்டும். கம்பெனிகளுக்காகப் பரிந்து பேச வந்த ஆட்கள் விலையுயர்ந்த காலணிகளோடு நின்றிருந்த கூட்டத்தில் வெர்னெலும் நின்றாள். இருபது நிமிடம் கழித்து கேட்ஸ்டன் வெளியே வந்தார். கருப்பு உடுப்பு, துக்க வீட்டுக்கென்றே பழகிவைத்த மெல்லிய நடை.

"சிஸ்டர் மோப்லி! இல்ல, மேடம் மேயர்னு கூப்பிடணுமா இனிமே?"

அவள் தாளை நீட்டினாள். "இது என்ன டீக்கன்?"

அவர் வாங்கவில்லை. சுற்றிலும் பார்த்துவிட்டு அவள் முழங்கையைப் பிடித்துத் தூண் பக்கம் நகர்த்தினார். "வெர்னெல், சத்தத்தக் கொஞ்சம் குறை."

"நான் சத்தமே போடலியே. குழி எங்க போச்சு?"

"குழி இருந்த எடத்துலதான் இருக்கு."

"வெளாட்டு வேணாம் டீக்கன். குழிக்காகத்தான் ஊரே. குழி இல்லாம எனக்கு எதுக்கு ஊரு? தெருவிளக்கு போட்டுக்கவா?"

"தெருவிளக்கும் நல்லதுதான்." அவர் பெருமூச்சு விட்டார். "கேளு. அந்தக் கம்பெனி இங்க ஆறு பேரை வெச்சிருக்கு. அதோ, அந்தப் பழுப்புக் கோட்டு, அவன் ஒருத்தன். குழி உள்ள இருந்தா இந்த மசோதா மேலவையத் தாண்டாது. வெளிய இருந்தா தாண்டும். முழு ரொட்டி கேட்டா பட்டினி, பாதி கேட்டா பாதி கெடைக்கும். நான் பாதி வாங்கிட்டு வந்திருக்கேன்."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ ஒத்துக்குவியா?"

"மாட்டேன்."

"அப்பறம் என்னத்தச் சொல்ல?"

"பத்திரிகைல அறிவிப்பு போட்டோமே? அதுல இது எங்க இருக்கு?"

"'மற்றும் பிற நோக்கங்களுக்காகவும்'னு இருந்துச்சில்ல? அது போதும்னு சட்டம் சொல்லுது. அந்த அறிவிப்பப் பத்திரிகை ஆபீசுக்குக் கொண்டுபோயிக் குடுத்தது யாரு? நீதான்."

உண்மைதான். அறிவிப்பைக் கொடுத்து, வெளியான பத்திரிகையிலிருந்து கத்தரித்து, சட்டத்துக்குத் தேவையான பிரமாணத் தாளில் ஒட்டியதும் அவளேதான்.

"பதினோரு வீடு டீக்கன். ஹட்சன் அக்கா தங்கச்சிய நீங்க ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை கையப் பிடிச்சுப் படியேத்தி விடறீங்க. மிஸ்டர் லெகெட் கீழ உக்காந்து காபி குடிச்சிட்டிருக்காரு. அவரு மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

கேட்ஸ்டன் கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டார். "ஃபெரி ரோட்டப் பத்தி நீ கவலப்படாத" என்று மட்டும் சொன்னார். "அத அவங்க பாத்துக்குவாங்க."

"அவங்க என்னத்தப் பாக்கறது? குப்பையவா?"

"இது என் மசோதா வெர்னெல். என் கையெழுத்து. உன் எல்லைய நீ எழுதின, சரி. ஓட்டு வாங்கினது நான்." மணி அடித்தது. உள்ளே இன்னொரு வாக்கெடுப்பு. "வீட்டுக்குப் போ. ரெண்டு நாள்ல ஊருக்கு நீ மேயரு. நெதானமா யோசிச்சா புரியும்."

கதவு மூடிக்கொண்டது. பழுப்புக் கோட்டுக்காரர் அவளைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தார்.

மேலவை கட்டடத்தின் மறுகோடியில் இருந்தது. அவர்கள் கவுண்டிக்கு ஒரே ஒரு செனட்டர்தான், ஹார்லன் டிஸ்டேல். பருத்தியும் பன்றிப் பண்ணையும் வைத்திருக்கும் வெள்ளைக்காரர். போன தேர்தலில் அவருக்கு எதிராக வெர்னெல் தன் வீட்டு முற்றத்தில் பிரசாரப் பலகை நட்டிருந்தாள். அவர் அதைப் பார்த்திருந்தார்.

"உக்காருங்க மிஸ் வெர்னெல்" என்றார். மேசைமேல் தகர டப்பாவில் சாக்லேட் வாழைப்பழக் கேக்கு. "எடுத்துக்குங்க. என் சம்சாரம் செஞ்சது. ஒப்படைச்சுட்டா, நான்தான் தீக்கணும்."

"வேண்டாம் செனட்டர். தொள்ளாயிரத்துப் பதிமூணுல கையெழுத்துப் போட்டுட்டீங்களா?"

"காலைலயே. ஏன்?"

"குழி வெளிய போனது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"நீங்க சொல்லித்தான் மாத்தினாங்களா?"

டிஸ்டேல் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். "எனக்கு அந்தக் குழி உள்ள இருந்தாலும் ஒண்ணுதான், வெளிய இருந்தாலும் ஒண்ணுதான். கம்பெனிக்காரன் வந்து பேசினான், இல்லேங்கல. நான் அவங்கிட்ட, ஊர்க்காரங்க என்ன கேக்கறாங்களோ அதுக்குத்தான் கையெழுத்துன்னு சொல்லிட்டேன். திங்கக்கிழமை உங்க டீக்கன் வந்தாரு. 'அந்தம்மாவே கேட்டுக்கிட்டாங்க, அவங்கதான் மேயர்'ன்னாரு."

"நான் கேட்டேன்னா சொன்னாரு?"

"உங்க பேரச் சொல்லித்தான் சொன்னாரு. பேரு மசோதாவுலயே இருந்துச்சு. நான் நம்பிட்டேன்."

வெர்னெல் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டாள். அழுகை வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்துக்கு முன்னால் கேட்ஸ்டன் அவள் தோளில் கைவைத்து, "நம்ம சிஸ்டர் இல்லேன்னா இந்த மசோதாவே இல்ல" என்று எல்லோருக்கும் முன்னால் சொன்னது நினைவுக்கு வந்தது. போன ஞாயிறுதான். மறுநாள் இங்கே வந்து இதைச் சொல்லியிருக்கிறார்.

"உங்க கையெழுத்து இல்லேன்னா என்னாகும்?" என்று கேட்டாள்.

"பட்டியல்ல ஏறாது. உள்ளூர் மசோதாவுல உள்ளூர் செனட்டர் பேரு இல்லேன்னா அத யாரும் தொடக்கூட மாட்டாங்க." அவர் மேசைமேலிருந்த ஒரு தாளை அவள் பக்கம் திருப்பினார். எண்ணுக்கு நேரே அவர் கையெழுத்து. "இந்த வருஷத்துக்கு இதுதான் கடைசிப் பட்டியல். நாலு மணிக்கு இத வந்து வாங்கிட்டுப் போவாங்க. அதுவரைக்கும் என் பேர நான் அடிக்கலாம். ஆனா தெரிஞ்சுக்குங்க. அடிச்சா இந்த வருஷம் ஊரே கெடையாது. வர்ற ஜனவரில பத்திரிகை அறிவிப்புலேந்து மறுபடி தொடங்கணும்."

"கம்பெனிக்கு அனுமதி எப்பக் கெடைக்கும்?"

"மாநில அனுமதிக்கு ஒன்றரை வருஷம் புடிக்கும். அதுக்குள்ள நீங்க உங்க எல்லையோட திரும்ப வரலாம். வந்தா அப்பவும் சண்டைதான். ஆனா சண்டையாவது இருக்கும். இது நிறைவேறிட்டா அதுவும் இல்ல."

"அடிங்க."

"ஒரு மணி நேரம் யோசிக்கலாமே?"

"யோசிச்சுட்டேன்."

அவர் பேனாவை எடுத்தார். எடுத்தபின், "உங்க ஓட்டுக்காகச் செய்யல" என்றார். "எனக்கு நீங்க போடமாட்டீங்கன்னு நல்லாத் தெரியும்."

"மாட்டேன்தான். ஆனா பலகை நடமாட்டேன்."

டிஸ்டேல் முதல்முறையாகச் சிரித்தார். தன் பெயரின்மேல் ஒரு கோடு இழுத்து, ஓரத்தில் மணி எழுதினார். இரண்டு முப்பத்தைந்து. பிறகு ஒரு அட்டையில் கைப்பேசி எண்ணைக் கிறுக்கிக் கொடுத்தார். "மனசு மாறினா நாலுக்குள்ள கூப்பிடுங்க. நாலுக்கு மேல என்னாலயும் முடியாது, ஆளுநராலயும் முடியாது."

நெடுஞ்சாலையில் நகரத்துப் போக்குவரத்து குறைந்து, இருபுறமும் பைன் மரங்கள் தொடங்கின. வெர்னெல் காரை ஓட்டினாள், பக்கத்தில் லெகெட். தொப்பியை முழங்காலில் வைத்திருந்தார். மூன்றரை மணி ஆகியிருந்தது.

"இப்பவாவது சொல்லு" என்றார்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். மாற்று வரைவு, தேவாலய மூலையில் திரும்பும் கோடு, மேயர் பதவி, டீக்கன் அவள் பெயரில் சொன்ன பொய், டிஸ்டேல் இழுத்த கோடு, நாலு மணி. சொல்லச் சொல்ல அவளுக்குக் குரல் உயர்ந்தது. "உங்க பதினோரு வீட்டையும் தூக்கிக் குப்பைல போட்டுட்டு எனக்கு நாற்காலி குடுக்கறாராம். ஒத்துக்குவேன்னு நெனச்சிருக்காரு பாருங்க. அதான் தாங்க முடியல எனக்கு. இருபது வருஷமா என்னப் பாக்கற மனுஷன்."

அவள் திரும்பிப் பார்த்தாள். லெகெட் தொப்பியின் விளிம்பை விரலால் சுற்றிச் சுற்றித் தடவிக்கொண்டிருந்தார்.

"டீக்கனத் திட்டாத வெர்னெல்" என்றார்.

"ஏன் திட்டக்கூடாது?"

"நாங்கதான் கேட்டோம்."

"என்ன கேட்டீங்க?"

"ஃபெரி ரோட்ட வெளிய விடச்சொல்லி. ஜனவரில. பதினோரு வீட்டுக்காரங்களும் அவரு எடத்துக்குப் போனோம். சவப்பெட்டி வெச்சிருக்கற ரூம்ல நின்னுதான் பேசினோம், வேற எடம் இல்ல." தொண்டையைச் செருமிக்கொண்டார். "பேசினது நான்தான்."

பின்னால் வந்த லாரி ஒலியெழுப்பியது. வெர்னெலின் கால் தானாகவே வேகத்தைக் குறைத்திருந்தது.

"கம்பெனி எல்லாரோட வீட்டையும் வாங்கிக்கறேங்குது. நல்ல வெலை. அந்த வீட்டுக்கு வேற எவன் குடுப்பான் அப்படி? ஆனா குழி எந்த ஊருக்குள்ளயும் வராதுன்னு சட்டத்துல எழுதி வந்தப்பறம்தான் வாங்குவானாம். ஜூலைக்குள்ள முடிச்சுடலாம்னான். கொரீனுக்கு வாரத்துக்கு மூணு நாள் டயாலிசிஸ். ஒவ்வொரு தடவையும் நாப்பது மைல் போக, நாப்பது மைல் வர. பொண்ணு வீட்டுக்கிட்டப் போனா ஆஸ்பத்திரி நடந்து போற தூரம். நான் இன்னும் எத்தன நாள் வண்டி ஓட்டுவேன்? ராத்திரில எனக்குக் கண்ணு தெரியறதில்ல."

"கடிதமெல்லாம் வந்திருக்குமே. கம்பெனிலேந்து."

"வந்துச்சு."

"நான் வேலைல இருந்திருந்தா பாத்திருப்பேன்."

"அதான் நீ இல்லாதது நல்லதாப் போச்சுன்னு கொரீன் சொன்னா."

போன வருடம் லெகெட் வீட்டு முற்றத்தில் நின்று, "குப்பை வேண்டாம்" என்ற பலகையை அவரும் அவளும் சேர்ந்து நட்டார்கள். கொரீன் வாசல் நாற்காலியிலிருந்தே, கொஞ்சம் இடதுபக்கம் சாயுது பார் என்று சொன்னாள். பலகை இன்னும் அங்கேதான் இருக்கிறது.

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றாள்.

"சொன்னா நீ பாப்ப. இதோ, இப்பப் பாக்கறே பாரு, இந்த மாதிரி."

"இன்னிக்கு எதுக்கு வந்தீங்க அப்ப?"

"நிறைவேறுதான்னு பாக்க." கொஞ்சம் யோசித்தார். "நீ கஷ்டப்பட்டது கெடைக்கறதப் பாக்கவும்தான். ரெண்டும் நெசம். ஒண்ணு பொய்யின்னு நெனச்சுக்காத."

"அந்தக் குப்பத் தண்ணி எறங்கினா மத்த இருநூத்திமூணு வீட்டுக் கெணறும் போயிடும் மிஸ்டர் லெகெட்."

"தெரியும்."

"தெரிஞ்சுதான் கேட்டீங்களா?"

"தெரிஞ்சுதான் கேட்டோம். கேக்கறதுக்கு முன்னாடி ஜெபம்கூடப் பண்ணினோம். டீக்கன்தான் பண்ணினாரு."

டிஸ்டேல் கொடுத்த அட்டை கடை ரசீதுகளோடு காரில் கோப்பை வைக்கும் இடத்தில் கிடந்தது. பக்கத்திலேயே கைப்பேசி. மணி மூன்று நாற்பத்தெட்டு. எடுத்து எட்டு நொடி பேசினால் போதும்: நான் தப்பாச் சொல்லிட்டேன் செனட்டர், பேரத் திருப்பிப் போடுங்க. ஜூலையில் லெகெட் வீட்டைக் காலி செய்வார். கொரீன் ஆஸ்பத்திரிக்கு நடந்து போவாள். தான் மேயர். ஊர் எல்லைப் பலகைக்கு அந்தப்புறம் லாரிகள் திரும்பும்.

ஃபெரி ரோட்டுக்காரர்கள் தன்னிடம் கேட்கவில்லை. அவளும் அவர்களிடம் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மூன்று வருடமாகக் கூட்டங்களில், மனுக்களில், "ஃபெரி ரோட்டு மக்கள் சார்பாக" என்று அவள் பேசியிருக்கிறாள். ஒவ்வொரு பெட்டியின் மூடியும் எப்படித் திறக்கும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் வீட்டுக்குள் இருப்பதும் தெரியும் என்று எண்ணிவிட்டாள்.

ஆனாலும் இருநூற்று மூன்று கிணறு.

"நம்பரு அதுதானா?" என்றார் லெகெட், அட்டையைப் பார்த்து.

"ஆமா."

"நான் கேக்க மாட்டேன்."

"கேளுங்களேன்."

"மாட்டேன் வெர்னெல். கேட்டு நீ இல்லேன்னுட்டா நான் என்ன பண்றது? நாளைக்கும் ஒன் மூஞ்சிலதான் முழிக்கணும்."

அவள் இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கில் வைத்திருந்தாள். ஒரு பெட்ரோல் பங்க் வந்தது, நிறுத்தியிருக்கலாம். தாண்டிப் போனாள். ஒரு பீச் பழக்கடை, பருவம் வராததால் பலகை அடித்து மூடியிருந்தது. அதையும் தாண்டினாள். லெகெட் ஒருமுறைகூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே பைன் மரங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். எண்கள் மாறி நாலு ஆனபோது அவருக்கு எப்படித் தெரிந்ததோ, தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார்.

"நீயும் தெரிஞ்சுதான் பண்ணினே" என்றார். கோபம் இல்லாத குரல்.

"ஆமா மிஸ்டர் லெகெட்."

"அடுத்த வருஷம் வருவியா, அந்த எல்லைக் கோட்டோட?"

"வருவேன்."

"கொரீனுக்கு அடுத்த வருஷம்னெல்லாம் கணக்கு கெடையாது."

கைப்பேசி அதிர்ந்தது. டீக்கன் கேட்ஸ்டன் என்று எழுத்து ஓடியது. நின்றது. மறுபடி அதிர்ந்தது. இன்னும் ஒரு மணி நேரத்தில் ஊர் முழுவதும் செய்தி போய்விடும்: டீக்கன் ஊரை வாங்கிக் கொண்டுவந்தார், வெர்னெல் கையால் கிழித்தாள். அதில் சொல்ல ஒரு பொய்யும் தேவைப்படாது.

டயாலிசிஸ் நிலையம் கவுண்டித் தலைநகரில், டயர் கடைக்கும் பல் மருத்துவருக்கும் நடுவே இருந்தது. ஐந்து மணிக்குக் கொரீனை விட்டுவிடுவார்கள். வெர்னெல் வண்டியை வாசலருகே நிறுத்தினாள்.

"நானும் வந்து அவங்ககிட்டச் சொல்றேன்" என்றாள்.

"வேண்டாம்."

"என் வாயால சொல்றதுதான் முறை."

"அவளுக்கு உன்ன ரொம்பப் பிடிக்கும் வெர்னெல். டீக்கன் கிட்டப் போனப்பக்கூட அழுதுக்கிட்டேதான் வந்தா." கார்க் கதவைத் திறந்து காலை வெளியே வைத்தார். எழுந்து நிற்க நேரம் பிடித்தது. "பொண்ணு இன்னிக்கு ஊர்லேந்து வந்திருக்கா, அவ கூட்டிட்டுப் போவா எங்கள. நீ காத்திருக்க வேண்டாம்."

அவர் நடக்கத் தொடங்கினார். வெர்னெல் வண்டியை அணைத்துவிட்டு இறங்கிப் பின்னாலேயே போனாள். பெண்பிள்ளை பின்னால் வந்தால் கதவைப் பிடித்து நிற்காமல் போகிற ஆள் இல்லை லெகெட். தேவாலயத்தில், கடையில், தபால் அலுவலகத்தில், கைத்தடியோடு இருந்தாலும் ஒதுங்கி நின்று பிடிப்பார். அவள் காலடிச் சத்தம் அவருக்குக் கேட்டது, தோள் லேசாக அசைந்தது. கண்ணாடிக் கதவைத் தள்ளி உள்ளே போய், கையை விட்டார். கதவு திரும்பி வந்து அவள் உள்ளங்கையில் மோதியது.